ஹாரி பாட்டர் மேல இருந்த கிறுக்கு எங்க போச்சு?

(இந்த எபிசோடில் பேசியதைச் சுருக்கி, படிக்க வசதியாகத் திருத்தித் தந்திருக்கிறோம்.)

 போன தீபாவளிக்கு எங்க வீட்ல ஒரு சின்ன சம்பவம் நடந்துச்சு. அதைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வரேன்.

எனக்கு ஒரு அக்கா. என்னைவிட மூணு வயசு பெரியவ. இப்போ கல்யாணமாகி கனடாவுல இருக்கா. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சென்னைக்கு வருவா. வரும்போதெல்லாம் எங்களுக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம், ஹால்ல பாயை விரிச்சு, மிச்சம் இருக்கிற முறுக்கு டப்பாவை நடுவுல வெச்சுக்கிட்டு, ஹாரி பாட்டர் முதல் படத்தைப் போடுவோம். எங்க ரெண்டு பேருக்கும் வசனம் மனப்பாடம்.

இந்தத் தடவையும் போட்டோம். கரும்பலகை நிறத்துல வானம், ஆந்தை, பூனை, தெரு விளக்கை ஒவ்வொண்ணா அணைக்கிற தாத்தா. இருபது நிமிஷம் ஆகியிருக்கும். நான் என்ன பண்றேன்னே தெரியாம போனை எடுத்து, கிரிக்கெட் ஸ்கோர் பார்த்து, அப்படியே கீழ தள்ளிக்கிட்டே போயிட்டேன். தலையைத் தூக்கினா அக்கா என்னையே பார்த்துட்டு இருக்கா.

"உனக்குப் பிடிக்கலையாடா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா. நூறு தடவை பார்த்ததுதானே."

அவ ஒண்ணும் சொல்லல. படத்தை நிறுத்திட்டு, காலையில சீக்கிரம் எந்திரிக்கணும்னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டா. எனக்குத் தூக்கம் வரல. நூறு தடவை பார்த்த வடிவேலு காமெடியை நூத்தியோராவது தடவையும் சிரிச்சுக்கிட்டேதான் பார்க்கிறேன். அதனால 'நூறு தடவை பார்த்தாச்சு'ங்கிறது காரணமே இல்ல. அப்போ உண்மையான காரணம் என்ன? இன்னிக்கு எபிசோட் அதுதான்.

காத்திருந்ததுதான் பாதிப் படம்

முதல்ல கொஞ்சம் கணக்கு. ஜே.கே. ரவுலிங் எழுதின ஏழு புத்தகங்கள் 1997-லிருந்து 2007-க்குள் வெளிவந்தன. அதை வெச்சு வார்னர் பிரதர்ஸ் எடுத்தது எட்டுப் படங்கள். முதல் படம் 2001 நவம்பர்ல, கடைசிப் படம் 2011 ஜூலையில. கடைசிப் புத்தகத்தை மட்டும் ரெண்டு படமாகப் பிரிச்சாங்க. ஹாரியாக நடிச்ச டேனியல் ராட்கிளிஃப்புக்கு முதல் படப்பிடிப்பு ஆரம்பிச்சப்போ வயசு 11. கடைசிப் படம் வந்தப்போ 21.

இந்தப் பத்து வருஷம்தான் இங்க முக்கியம். சினிமாவுல சின்ன வயசு ஹீரோவை வேற ஒரு பையன் பண்ணுவான். ஒரு பாட்டு முடியறதுக்குள்ள பெரிய ஹீரோ வந்துடுவார். இங்க அப்படி நடக்கல. அதே பசங்க நம்ம கண்ணு முன்னாடியே உயரமானாங்க, குரல் உடைஞ்சது, முகத்துல பரு வந்தது. நம்மளும் அதே வேகத்துல வளர்ந்தோம். ஒவ்வொரு படத்துக்கும் நடுவுல ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் காத்திருந்தோம். ஆறாவது படம் 2008 நவம்பர்ல வரும்னு சொல்லிட்டு 2009 ஜூலைக்குத் தள்ளிட்டாங்க. அக்கா அன்னிக்குச் சாப்பிடல. நிஜமா.

அந்தக் காத்திருப்புல நாங்க சும்மா இருக்கல. புத்தகம் வாங்கற வசதி எப்பவும் இருந்ததில்ல. தெருமுனை லெண்டிங் லைப்ரரியில ஒரே ஒரு பிரதி, அதுக்கும் வரிசை. அக்கா படிச்சுட்டு வந்து ராத்திரி எனக்குத் தமிழ்ல கதை சொல்லுவா. யாரு சாகப்போறா, ஸ்னேப் நல்லவரா கெட்டவரா, இதை வெச்சு மொட்டை மாடியில மணிக்கணக்கா சண்டை. படம் பார்த்த நேரம் மொத்தமாக் கூட்டினா இருபது மணி நேரம்தான் இருக்கும். அதைப் பத்திப் பேசின நேரத்தை எண்ணவே முடியாது.

இப்போ எட்டுப் படமும் ஒரே ஆப்ல வரிசையா இருக்கு. ஒரு படம் முடியும்போதே அடுத்தது தானா ஓட ஆரம்பிக்குது. ஆனா அந்த மொட்டை மாடி அதுல இல்ல. நாம் அப்போ விரும்பினதுல பாதி திரைக்கு வெளியேதான் இருந்தது. அதனாலதான் இப்போ அதே படத்தைப் போட்டாலும் 'ஏதோ குறையுதே'ன்னு தோணுது. குறையுறது படத்துல இல்ல.

இது முதல் காரணம். இதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

அதே காட்சி, வேற கண்ணு

ரெண்டாவது காரணம் கொஞ்சம் சங்கடமானது. அதே காட்சியை வளர்ந்த கண்ணால பார்க்கிறப்போ வேற ஏதோ தெரியுது.

முதல் படத்தோட கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கா? வருஷக் கடைசி விருந்து. ஸ்லிதரின் 472 புள்ளி எடுத்து முதலிடம். நம்ம கிரிஃபின்டோர் 312, கடைசி இடம். மண்டபம் முழுக்கப் பச்சைக் கொடி. டம்பிள்டோர் எந்திரிச்சு, கடைசி நேரத்துப் புள்ளிகள்னு ஆரம்பிப்பார். ஹெர்மயனிக்கு 50, ரானுக்கு 50, ஹாரிக்கு 60. கூட்டிப் பாருங்க, சரியா 472. சமம். அப்புறம் நெவிலுக்கு ஒரு 10. கைதட்டினார்னா பச்சைக் கொடி எல்லாம் சிவப்பாயிடும்.

சின்ன வயசுல இதைப் பார்த்து கத்திக் குதிச்சிருக்கேன். என் ஃப்ரெண்டு ஒருத்தி இப்போ ஸ்கூல் டீச்சர். அவ இந்தக் காட்சியைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா: "ஸ்லிதரின்ல இருக்கிற அந்த முதல் வருஷப் புள்ளைங்க என்னடா தப்புப் பண்ணுச்சு? முடிவை அறிவிக்கிறதுக்கு முன்னாடி புள்ளியைக் குடுத்திருக்கலாமே. கொடியைக் கட்ட விட்டுட்டு எதுக்கு அவுக்கணும்?" எனக்குப் பதில் இல்ல.

ஒரு தடவை இப்படிப் பார்க்க ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. ஹாரியோட பெரியப்பா வெர்னன், டம்பிள்டோரைத் திட்டுவார். ஹாக்ரிட்டுக்குக் கோபம் வரும். பன்னி வால் முளைக்கிறது அவரோட பையன் டட்லிக்கு. அவன் குண்டுப் பையன், கேக் தின்னுட்டு இருக்கான். அதுதான் சிரிப்பு. மூணாவது படத்துல காலத்தைப் பின்னால திருப்புற ஒரு கருவி வரும், டைம் டர்னர். உயிரைக் காப்பாத்தக்கூடிய ஒரு பொருளை, எல்லா கிளாஸுக்கும் போய் வர வசதியா இருக்கட்டும்னு ஒரு ஸ்கூல் பொண்ணுகிட்ட குடுத்திருக்காங்க! நம்மூர் ஆபீஸ்ல ஸ்டேப்ளர் வாங்கவே மூணு கையெழுத்து வேணும்.

நாலாவது படத்துல வர்ற பாட்டில் சகோதரிகள், பார்வதியும் பத்மாவும். பிரிட்டன்ல நடக்கிற கதையில நம்ம வீட்டுப் பக்கத்துப் பேரு கேட்டதும் எவ்வளவு சந்தோஷம் எங்களுக்கு! இப்போ பார்த்தா அவங்க அந்த நடன விழாவுக்கு வந்து, ஹாரியும் ரானும் கண்டுக்காம விட, ஓரமா உட்கார்ந்து சலிச்சுப்போறதுதான் அவங்களோட பெரிய காட்சி. புத்தகத்துல பத்மா வேற ஹவுஸ், ராவன்க்ளா. படத்துல ரெண்டு பேரையும் கிரிஃபின்டோர்லயே போட்டுட்டாங்க. இரட்டையர்னா ஒண்ணாத்தானே இருக்கணும்னு நினைச்சிருப்பாங்க போல.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லணும். இதெல்லாம் சொல்றதால படம் மோசம்னு ஆகிடாது. அது குழந்தைகளுக்குச் சொன்ன கதை. குழந்தை எப்பவும் ஹாரி பக்கத்துல உட்கார்ந்துதான் பார்க்கும். பெரியவங்க மண்டபத்தோட மறு பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களையும் பார்ப்பாங்க. நம்ம இடம் மாறிடுச்சு. அதை ரசனை கெட்டுப்போச்சுன்னு எடுத்துக்க வேண்டாம்.

ஓட்டை இருந்தப்போதான் நல்லா இருந்துச்சு

மூணாவது காரணத்துக்கு வருவோம். இதுல நம்ம தப்பு கம்மி, ஸ்டுடியோவோட பங்கு அதிகம்.

புத்தகத்தைப் படமாக்கும்போது நிறைய விட்டுப்போகும். மூணாவது படத்துல ஹாரி கையில ஒரு மாய வரைபடம் கிடைக்கும். யார் எங்க நடக்கிறாங்கன்னு அதுல காலடித் தடம் தெரியும். அதை உருவாக்கினது யாரு? ஹாரியோட அப்பாவும் அவரோட மூணு நண்பர்களும்தான். புத்தகத்துல இருக்கு, படம் அதைச் சொல்லவே இல்ல. டாபிங்கிற குட்டி எல்ஃப் ரெண்டாவது படத்துல வரும். அதுக்கப்புறம் ஏழாவது கதையோட முதல் பாகத்துலதான் திரும்பத் தலையைக் காட்டும், வந்து செத்தும் போயிடும். புத்தகத்துல நடுவுல எத்தனையோ இடத்துல வரும்.

இந்த ஓட்டைகள்தான் எங்களுக்குத் தீனி. படத்துல விட்டதை அக்கா சொல்லுவா. அக்காவுக்கும் தெரியாததை நாங்களே கற்பனை பண்ணிக்குவோம். ஒரு கற்பனை உலகம் நம்ம மனசுல உயிரோட இருக்கணும்னா, நாம் போய் உட்கார அதுல கொஞ்சம் காலி இடம் இருக்கணும்.

2011-க்கு அப்புறம் அந்தக் காலி இடத்தையெல்லாம் அடைக்க ஆரம்பிச்சாங்க. பாட்டர்மோர்னு ஒரு இணையதளம், அதுல ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் பின்கதை. 2016-ல லண்டன்ல ஒரு மேடை நாடகம், ஹாரியோட பையனைப் பத்தி. அதே வருஷம் நவம்பர்ல 'ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்' படம்.

இந்தப் படத்தோட மூலம் என்ன தெரியுமா? 2001-ல தர்ம காரியத்துக்காக ரவுலிங் எழுதின ஒரு மெலிசான புத்தகம். ஹாக்வார்ட்ஸ் பசங்களோட பாடப் புத்தகம் மாதிரி, மாய மிருகங்களோட பட்டியல். கதையே கிடையாது. அதுலேருந்து மொத்தம் அஞ்சு படம் எடுக்கப்போறோம்னு 2016 அக்டோபர்ல ரவுலிங் அறிவிச்சாங்க.

முதல் படம் எனக்குப் பிடிச்சது. 1926 நியூயார்க், ஒரு சூட்கேஸுக்குள்ள மிருகக்காட்சி சாலை, கூச்ச சுபாவமுள்ள ஒரு ஹீரோ. மிருகங்களைப் பத்தின படம்னு நம்பி அடுத்ததுக்குப் போனேன். 2018-ல வந்த ரெண்டாவது படம் டம்பிள்டோரோட குடும்ப மரத்தை விரிச்சுக்காட்ட ஆரம்பிச்சது. கப்பல் மூழ்குது, குழந்தை மாறுது, யாரோ யாருக்கோ அண்ணன் தம்பி. மெகா சீரியல் பார்த்து வளர்ந்த எனக்கே தலை சுத்துச்சு. மெக்கோனகல் டீச்சர் 1927-ல ஹாக்வார்ட்ஸ்ல பாடம் எடுத்துட்டு இருப்பாங்க. ஏற்கெனவே வெளியான தகவல்களை வெச்சு ரசிகர்கள் போட்ட கணக்குப்படி அவங்க அப்போ பிறந்திருக்கவே மாட்டாங்க. வோல்டமோர்ட்டோட பாம்பு நாகினி, ஒரு காலத்துல சாபம் வாங்கின பொண்ணாம். சரி, அப்போ கடைசிப் படத்துல நெவில் வாளால தலையை வெட்டினதும் தியேட்டரே கைதட்டிச்சே, அந்தக் கைதட்டலை இப்போ என்ன பண்றது?

வில்லன் கிரின்டெல்வால்டுக்கு மூணு படத்துல மூணு முகம். முதல் படத்துல வேற ஆளா வேஷம் போட்டிருக்கும்போது காலின் ஃபேரல், அதோட முடிவுலேயும் ரெண்டாவது படத்துலேயும் ஜானி டெப், மூணாவதுல மேட்ஸ் மிக்கல்சன். 2022-ல வந்த அந்த மூணாவது படத்தோட கிளைமாக்ஸ் பூட்டான்ல நடக்கிற ஒரு தேர்தல். மாயாஜாலப் படத்துக்கு வந்து தேர்தல் பார்த்துட்டு வந்தோம்.

வசூலே கதையைச் சொல்லும். ஹாரி பாட்டர் கடைசிப் படம் உலகம் முழுக்க 130 கோடி டாலருக்கு மேல சம்பாதிச்சது. ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ் முதல் படம் சுமார் 81 கோடி. ரெண்டாவது சுமார் 65 கோடி. மூணாவது சுமார் 40 கோடி. நாலாவது படம் வரவே இல்ல.

இதுல ஒரு வேடிக்கை. இந்த வரிசை எதை நோக்கிப் போகணும்னு எல்லாருக்கும் தெரியும். டம்பிள்டோர் 1945-ல கிரின்டெல்வால்டைத் தோற்கடிச்சார்னு முதல் புத்தகத்துல ஒரு சாக்லெட் அட்டையில ஒரு வரி வரும். அந்தச் சண்டைக்குத்தான் இத்தனை பயணம். அதை எடுக்கறதுக்கு முன்னாடியே வரிசை நின்னுபோச்சு. ஆனா எனக்கு வருத்தம் இல்ல. அக்காவும் நானும் மொட்டை மாடியில குச்சியை வெச்சு அந்தச் சண்டையைப் பல தடவை போட்டாச்சு. அதைவிட நல்லா எடுத்திருப்பாங்களான்னு சந்தேகம்தான்.

எழுதினவங்களோட கருத்து

நாலாவது காரணத்தைப் பத்திப் பேசாம இந்த எபிசோடை முடிச்சா அது நேர்மையா இருக்காது.

2020 ஜூன்ல ரவுலிங், பாலினம் பத்தியும் திருநர் உரிமைகள் பத்தியும் சில பதிவுகளும், நீளமா ஒரு கட்டுரையும் வெளியிட்டாங்க. பெண்களோட உரிமைக்காகவும் பாதுகாப்புக்காகவும்தான் பேசறேன்னு அவங்க சொல்றாங்க. அந்தக் கருத்துக்கள் தங்களோட இருப்பையே மறுக்குதுன்னு திருநர்கள் பலரும், அவங்களோட நிற்கிற ரசிகர்களும் சொன்னாங்க. டேனியல் ராட்கிளிஃப், எம்மா வாட்சன், ரூபர்ட் க்ரின்ட் மூணு பேருமே திருநர்களுக்கு ஆதரவாப் பொதுவெளியில பேசினாங்க. அடுத்த மாசம் மகிள்நெட், லீக்கி கால்ட்ரன்ங்கிற ரெண்டு பழைய ரசிகர் தளங்கள் சேர்ந்து, ரவுலிங்கோட இந்தக் கருத்துல இருந்து விலகி நிற்கிறோம்னு அறிவிச்சாங்க. ரசிகர்களே எழுத்தாளரைத் தள்ளி வெச்ச மாதிரி ஆச்சு.

என் காலேஜ் தோழி ஒருத்தி திருநங்கை. அவகிட்ட இந்த எபிசோடுக்காகப் பேசினேன். அவ சொன்னதை அவ அனுமதியோட சொல்றேன். "மாடிப்படிக்குக் கீழ அடைச்சு வெச்ச ஒரு பையன், நீ வேற யாரோன்னு ஒருத்தர் வந்து சொல்ற கதை அது. எட்டாவது படிக்கும்போது அந்தக் கதை எனக்குச் சோறு மாதிரி. அதை எழுதின கை என்னைத் தள்ளிவிடுதுன்னு தோணினப்போ கோபம்கூட வரல. வீட்டை விட்டு வெளியே அனுப்பின மாதிரி இருந்துச்சு. புத்தகத்தைத் தூக்கிப் போடல. பரண்ல இருக்கு. எடுக்கல, அவ்வளவுதான்."

என்னோட சலிப்பும் அவளோட வலியும் ஒண்ணு இல்ல. எனக்கு ஆசை மெல்ல வடிஞ்சுபோச்சு. அவகிட்ட இருந்து அது பறிபோச்சு. 'படைப்பையும் படைப்பாளியையும் பிரிச்சுப் பாருங்க'ன்னு நாம் சுலபமாச் சொல்லிடுவோம். பிரிக்க முடியுமாங்கிறது யாருக்கு அடி பட்டுச்சுங்கிறதைப் பொறுத்தது. ராட்கிளிஃப் எழுதின குறிப்புலேயும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்: புத்தகங்கள்ல உங்களுக்கு எது மதிப்பா இருந்துச்சோ அதை இதனால முழுசா இழந்துடாதீங்கன்னு. சிலரால அது முடிஞ்சது. சிலரால முடியல. ரெண்டு பேரையும் நான் தப்பு சொல்ல மாட்டேன்.

முடிய விடாத கதை

அஞ்சாவது, கடைசிக் காரணம். எந்தக் கதைக்கும் முடிவுன்னு ஒண்ணு வேணும். 2011 ஜூலையில அக்காவும் நானும் கடைசிப் படத்துக்குப் போனோம். அவ காலேஜ்ல சேர்ந்த புதுசு, நான் பத்தாவது. 3டி கண்ணாடி. இடைவேளைக்கு அப்புறம் ஸ்னேப்போட நினைவுகள் ஓடும்போது அவ அழுதா. கண்ணாடியைக் கழட்டவும் முடியல, கண்ணைத் துடைக்கவும் முடியல. வெளியே வந்து பஸ் ஸ்டாப்ல ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. முடிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சது. அது அழகான துக்கம்.

வியாபாரத்துக்கு ஆனா முடிவு ஆகாது. 2010-லேயே ஒர்லாண்டோவுல தீம் பார்க் திறந்தாச்சு. 2012-ல படப்பிடிப்பு நடந்த லண்டன் பக்கத்து லீவ்ஸ்டன் ஸ்டுடியோவைச் சுத்திக்காட்ட டிக்கெட் போட்டாச்சு. 2023-ல வந்த ஹாக்வார்ட்ஸ் லெகஸி வீடியோ கேம் சக்கைப்போடு போட்டுச்சு. அதே வருஷம், ஏழு புத்தகத்தையும் திரும்ப முதல்ல இருந்து எச்பிஓ தொடரா எடுக்கப்போறோம்னு அறிவிப்பு. 2025 ஜூலையில புது ஹாரி, புது ரான், புது ஹெர்மயனியோட படப்பிடிப்பும் ஆரம்பிச்சது.

அந்தப் புதுப் பசங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. இன்னிக்குப் பத்து வயசு ஆகிற ஒரு குழந்தைக்கு அது முதல் ஹாரியா இருக்கும், அது நல்லதுதான். நம்மகிட்டயும் திரும்பக் கிறுக்கா இருன்னு எதிர்பார்க்கும்போதுதான் பிரச்சினை. பழைய டம்பிள்டோர்களா நடிச்ச ரிச்சர்ட் ஹாரிஸ், மைக்கேல் கேம்பன் ரெண்டு பேரும் இப்போ இல்ல. ஸ்னேப்பா நடிச்ச ஆலன் ரிக்மன் இல்ல. ஹாக்ரிட்டா நடிச்ச ராபி கோல்ட்ரேன் இல்ல. மெக்கோனகலா நடிச்ச மேகி ஸ்மித்தும் 2024-ல போயிட்டாங்க. நம்ம மனசு அஞ்சலி செலுத்திட்டு இருக்கிற இடத்துல, புதுக் கடை திறப்பு விழாவுக்கு மேளம் அடிச்சா எப்படி இருக்கும்? அந்தச் சத்தம்தான் சலிப்பாத் தெரியுது.

அப்போ என்ன பண்றது?

இதுவரைக்கும் சொன்ன அஞ்சையும் ஒரு தடவை வரிசையாப் பார்ப்போம். காத்திருக்கிற காலம் போச்சு. நம்ம பார்வை மாறுச்சு. கதையோட காலி இடங்களை அடைச்சுட்டாங்க. எழுதினவங்களுக்கும் ரசிகர்களுக்கும் நடுவுல விரிசல் வந்துச்சு. முடிஞ்ச கதையை முடிய விடல.

இதைப் பிரிச்சுப் பார்க்கிறதுல ஒரு பிரயோஜனம் இருக்கு. உங்களுக்கு நடந்தது முதல் ரெண்டுல ஒண்ணுன்னா, நீங்க வளர்ந்துட்டீங்க, அவ்வளவுதான். வருத்தப்பட ஒண்ணும் இல்ல. மூணாவது, அஞ்சாவதுன்னா, சுலபமான வழி இருக்கு: பழைய எட்டோட நிறுத்திக்கலாம். புதுசு வந்தா பார்த்தே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல. நாலாவதுன்னா, அவசரப்பட்டு மன்னிக்கவும் வேண்டாம், அடுத்தவங்களை மன்னிக்கச் சொல்லவும் வேண்டாம். பரண்ல வெச்சது பரண்லேயே இருக்கட்டும்.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. பிடிக்காம போனதும், 'சின்ன வயசுல எவ்வளவு முட்டாளா இருந்திருக்கேன்'னு அந்தக் குழந்தையைக் கேலி பண்ணாதீங்க. அது ஏமாந்த குழந்தை இல்ல. கைக்குக் கிடைச்ச ஒரு கதையை வெச்சு இங்கிலீஷ் படிக்கக் கத்துக்கிச்சு, வாதாடக் கத்துக்கிச்சு, சாவைப் பத்தி முதல் தடவை யோசிச்சது. இன்னிக்கு அந்தப் படத்துல குத்தம் கண்டுபிடிக்கிற புத்தியே பாதி அதுலேருந்து வந்ததுதான்.

சரி, அக்கா விஷயம் என்னாச்சு?

மறுநாள் காலையில அவ சமையலறையில காபி போட்டுட்டு இருந்தா. நான் போய் நின்னேன். ஒப்பிச்சிடலாம்னு முடிவு பண்ணி, "அக்கா, எனக்கு நிஜமாவே அந்தப் படம் இப்போ பிடிக்கலக்கா. ரெண்டு மூணு வருஷமாவே. உனக்காகத்தான் பார்த்துட்டு இருந்தேன்"னு சொல்லிட்டேன்.

அவ திரும்பிக்கூடப் பார்க்கல. பாலைப் பொங்க விடாம அடுப்பைக் குறைச்சுட்டு, "படம் பிடிக்கலைன்னா போகுதுடா. எனக்கும் அந்தப் பாம்புகூடப் பேசற காட்சியெல்லாம் போர்தான்"னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த ரெண்டரை மணி நேரம் நீ போனைத் தொடமாட்ட. சின்ன வயசுல இருந்து அப்படித்தான். அதுக்காகத்தான் நான் அதைப் போடறதே. நேத்து தொட்டுட்ட."

எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. நான் படத்து மேல ஆசை போச்சான்னு யோசிச்சுட்டு ராத்திரி முழுக்க முழிச்சிருந்தேன். அவ கவலைப்பட்டது வேற ஒண்ணுக்கு.

அன்னிக்கு ராத்திரி படம் போடல. ரெண்டு போனையும் அம்மா ரூம்ல வெச்சுட்டு மொட்டை மாடிக்குப் போனோம். மாடியில தண்ணி டேங்க் ஒண்ணு புதுசா வந்திருக்கு, பழைய இடம் பாதியாச் சுருங்கிடுச்சு. மிச்சம் இருந்த இடத்துல உட்கார்ந்தோம். அவளோட வேலை, நம்ம அப்பாவோட சுகர், கனடாவுல வீட்டு வாடகை, எல்லாம் பேசினோம். பன்னிரண்டு மணி சுமாருக்கு அவளே ஆரம்பிச்சா: "சரி சொல்லு. ஸ்னேப் நல்லவரா, கெட்டவரா?"

ரெண்டு மணி வரைக்கும் சண்டை. நான் இப்பவும் கெட்டவர்னுதான் சொல்றேன். ஒரு குழந்தையை வகுப்பு முழுக்க அவமானப்படுத்தின வாத்தியாரை, கடைசியில அழுதாருங்கிறதுக்காக நான் விட மாட்டேன். அவ ஒத்துக்கவே இல்ல.

உங்களுக்கு இப்படி வடிஞ்சுபோன ஆசை எது? ஹாரி பாட்டராவே இருக்கணும்னு இல்ல. எந்தப் படம், யார்கூடப் பார்த்தது, அவங்க இப்போ எங்க இருக்காங்கன்னு எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அதுக்கு முன்னாடி, அவங்களுக்கே ஒரு போன் போட்டுடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.